ஓஷ்பெத் வீட்டுக் கையெழுத்து

அன்று மதியம் ஓஷ்பெத் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் என் தம்பி லுத்விக், அவன் மனைவி தோன்ச்கா, அவர்கள் மகன் ஊர்பன், பக்கத்து வீட்டு ஸெஃப்கா, பிறகு ராஃபாயேல் ராஸ்போத்னிக் ஆகிய நான். முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் இருந்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் இருந்ததாகச் சந்தையில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். அதனால்தான் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நவம்பர் நடுவில் வரும் மார்ட்டின் திருநாள் கழிந்த சனிக்கிழமை அது. பள்ளத்தாக்கில் பனிமூட்டம் காலையிலிருந்தே விலகவில்லை. டர்னிப் கிழங்கு சீவும் நாள் என்றால் அந்த வீட்டில் யாருக்கும் வேறு வேலை கிடையாது. முதல் உறைபனி விழுந்த பிறகு பிடுங்கிய கிழங்கு மூலையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. லுத்விக்குக்கு இடுப்பு சரியில்லை, அதனால் உட்கார்ந்தபடியே தோல் சீவினான். ஸெஃப்காவும் நானும் நீளமான துருவல் பலகையில் மாறி மாறி இழைத்தோம். தோன்ச்கா கைப்பிடி உப்பாகத் தூவித் தூவி, மரத்தொட்டிக்குள் முஷ்டியால் குத்தி அமுக்கினாள். சாறு மேலே ஏறி கிழங்கு மூழ்கியதும் ஒரு பலகை, அதன்மேல் ஆற்றங்கரைக் கல். மூன்று வாரத்தில் புளித்துவிடும். குளிர்காலம் முழுக்க அவள் சந்தைக் கடையில் விற்பது இதைத்தான், கூடவே வீட்டுப் பாலாடைக்கட்டியும்.

அவள் அன்று காலை சந்தையிலிருந்து திரும்பியது முதல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸெஃப்காதான் எங்களுக்கு விஷயத்தைச் சொன்னாள். சந்தைக் கம்பத்தில் நகராட்சி ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஜனவரி முதல் தேதியிலிருந்து சந்தையிலும் நகராட்சி மினிபஸ்ஸிலும் கார்டு மட்டும்தான், ரொக்கம் செல்லாது. நகர்மன்றத்தில் செப்டம்பரிலேயே ஒன்பதுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியிருந்தது. கவுன்சிலர் ஊர்பன் ராஸ்போத்னிக் அந்த ஒன்பதில் ஒருவன். அதைத் தன் தாயிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

அவன் வந்து வாசலில் காலணியைக் கழற்றினான். ஸெஃப்கா பலகையிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள்:

"வாங்க கவுன்சிலர். கையைத் தூக்கித் தூக்கி தோள்பட்டை வலிக்குமே. இந்தப் பலகையில நாலு கிழங்கு இழைங்க, சரியாயிடும்."

ஊர்பன் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உண்மையாகவே என் இடத்தில் நின்று இழைக்கத் தொடங்கினான். அவன் கெட்டவன் இல்லை. இழைத்துக்கொண்டே காரணங்களைச் சொன்னான். சந்தையின் காசுப்பெட்டியை இரண்டு முறை உடைத்துவிட்டார்கள். மினிபஸ் டிரைவர் சில்லறை தேடி நிற்பதில் ஒவ்வொரு நாளும் பஸ் தாமதம். கடைக்காரர்களுக்கு முதல் வருடம் மெஷின் இலவசம். எல்லாமே நியாயமான காரணங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை.

"மெஷினை நானே உனக்குக் கத்துத் தர்றேம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

"எனக்குத் தெரியும்டா. போன வருஷத்துலருந்து என் கடையில ஒண்ணு இருக்கு. கார்டு வச்சிருக்கறவங்க தட்டிட்டுப் போறாங்க. நான் வேணாம்னு சொன்னேனா?"

"அப்புறம் என்ன?"

"தட்ட முடியாதவங்களை என்ன பண்றது?"

"இந்தக் காலத்துல சில்லறைதான் கதின்னு யாரும்மா இருக்காங்க? ஒரு பேர் சொல்லு பார்ப்போம்."

தோன்ச்கா தொட்டியிலிருந்து கையை எடுத்தாள். முழங்கை வரை உப்புநீர் வழிந்தது.

"மாசத்துல ரெண்டு தடவை ஒரு பொண்ணு என் கடைக்கு வர்றா. ஒரு கிலோ கிழங்கு, கால் கிலோ பாலாடைக்கட்டி வாங்குவா. அவ அம்மாவுக்கு. கார்டுல வாங்கினா அவ புருஷன் போன்ல அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். எங்க, எவ்வளவு, எந்த நேரம்னு. அம்மா வீட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். கோட்டுக் கை மடிப்புக்குள்ள சில்லறையை ஒளிச்சு எடுத்துட்டு வர்றா."

"யாரு அது?"

"சொல்ல மாட்டேன். தன் பேர் யாருக்கும் தெரிய வேணாம்னுதானே அவ சில்லறை கொண்டு வர்றா."

ஊர்பன் இன்னொரு கிழங்கை எடுத்துப் பலகையில் வைத்து இழைத்தான்.

பிறகு தோன்ச்கா கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நகராட்சி அலுவலகத்திலிருந்து ஸெஃப்கா வாங்கி வந்திருந்த மனுப் படிவம். வாக்காளர்கள் இருநூற்றுப் பத்துப் பேர் கையெழுத்திட்டால் நகர்மன்றம் தீர்மானத்தை மறுபடி எடுத்துப் பேசியாக வேண்டும் என்பது விதி. குடும்பத்தில் மூத்தவன் என்று அவள் தாளையும் பேனாவையும் முதலில் என் முன்னால் வைத்தாள்.

வீடும் நிலமும் தம்பிக்குப் போயின, ரயில்வே எனக்கு வந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயருக்கு நான் பொறுப்பு என்றுதான் எப்போதும் நினைத்து வந்திருக்கிறேன். எங்கள் தாத்தா அந்த மன்றத்தில் உட்கார்ந்தவர். அப்பாவும் உட்கார்ந்தவர். தாயும் மகனும் ஊர் முன்னால் எதிரெதிராக நிற்பதை நான் கையெழுத்துப் போட்டு நடத்தி வைக்க வேண்டுமா? பேனாவை மூடி அவள் பக்கம் தள்ளினேன்.

"ஒரு ராஸ்போத்னிக் போட்ட ஓட்டுக்கு எதிரா இன்னொரு ராஸ்போத்னிக் கையெழுத்துப் போட மாட்டான்."

தோன்ச்கா என்னையே பார்த்தாள்.

"அப்படியா அத்தான்? சரி. அப்ப இது ராஸ்போத்னிக் கையெழுத்து இல்ல."

முதல் வரியில் பெரிய எழுத்தாக எழுதினாள்: ஓஷ்பெத் வீட்டுத் தோன்ச்கா.

எங்கள் மலைப்பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டு ஓஷ்பெத் யாரென்று இன்று யாருக்கும் தெரியாது, செத்து இருநூறு வருடம் இருக்கும். அந்த வீட்டில் பிறந்தவன், மணமாகி வந்தவள், நாளைக்கே ஒருவன் அதை விலைக்கு வாங்கினால் அவனும்கூட, எல்லாரும் ஓஷ்பெத்தான். பதிவுப் பெயர் தபால்காரருக்கும் கல்லறைக் கல்லுக்கும் மட்டும்தான் தேவைப்படும். அவளுக்கு அடுத்து லுத்விக் ஓஷ்பெத் வீட்டு லுத்விக் என்று எழுதினான். ஸெஃப்கா மாவுமில் வீட்டு ஸெஃப்கா என்று எழுதினாள்.

ஊர்பன் எழுந்து சட்டைக் கையை இறக்கினான். அவன் தாய் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினாள்.

"உக்காரு. சாப்பிட்டுட்டுப் போ."

சோளக்களி, வறுத்த பன்றிக் கொழுப்பு, முந்தைய தொட்டிப் புளிக்கிழங்கில் பயறு போட்ட குழம்பு. ஐந்து பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

*

அடுத்த நான்கு சனிக்கிழமைகள் அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் தராசுக்கு அடியில் இருந்தது. நான் கடைப் பக்கம் போகவில்லை. எதிரில் இருந்த விடுதியில் ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்தேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. தோன்ச்கா யாரையும் கூப்பிடவில்லை. முந்தைய தொட்டிக் கிழங்கை மரக்கரண்டியால் அள்ளி, சாறு வடித்து, பையில் போட்டு, எடை பார்த்து, அந்தப் பை கைமாறும்போது தாளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பாள். மலை வீடுகளிலிருந்து மினிபஸ்ஸில் வந்தவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, மேல் வரியைப் பார்த்து, அதே மாதிரி எழுதினார்கள். கார்டில் பணம் கொடுத்த இளம் ஆட்களும் எழுதினார்கள். கார்டு இருந்தால் என்ன, அது வேலை செய்யாத நாளும் வருமே என்றார்களாம்.

விடுதியில் என்னைச் சீண்டாத ஆள் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் எந்தப் பக்கத்து வண்டிக்குக் கொடி காட்டுகிறார் என்று கேட்டார்கள். குடும்ப விஷயம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மொத்தம் இருநூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து சேர்ந்தது. தோன்ச்கா கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நான் அப்போது அந்தச் சமையலறையில் இருந்தேன், லுத்விக்குக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கப் போயிருந்தேன். தோன்ச்கா அடுப்புப் பக்கத்தில் நின்றே கடிதத்தைப் படித்தாள். எழுபத்து நான்கு பேர் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஓஷ்பெத் வீட்டுத் தோன்ச்கா என்று ஒரு வாக்காளர் கிடையாது. மாவுமில் வீட்டு ஸெஃப்கா கிடையாது. செல்லுபடியாகும் கையெழுத்து நூற்று அறுபத்தொன்பது. மீதியைச் சரிசெய்யக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி.

"நாப்பத்தொண்ணு குறையுது," என்றாள். பிறகு கடிதத்தை மடித்துக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினாள். "தப்பு என்னுதுதான். முதல் வரியில நான் எழுதினதைப் பாத்துத்தான் எல்லாரும் எழுதினாங்க."

அவளை அப்படி எழுத வைத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை கறுப்புக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். பட்டியலைச் சரிபார்த்தவர் திருமதி யெலென். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். தாள்களை என் முன்னால் பரப்பினார்.

"இந்த எழுபத்து நாலு பேரும் யாருன்னு எனக்குத் தெரியும் சார். நானே கொவாச் வீட்டுப் பொண்ணுதான். ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

"ஆட்கள் நிஜம்தானேம்மா."

"ஆட்கள் நிஜம். பேர்தான் இல்ல. அதே ஆட்களோ புதுசா யாராவதோ பதிவுப் பேரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தா நான் வாங்கிக்கறேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. பன்னிரண்டு அஞ்சு இல்ல."

"நான் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன்."

"அதனாலதான் பன்னிரண்டுன்னு மட்டும் சொல்றேன்," என்று சிரித்தார்.

புதுப் படிவத்தை வாங்கி அவர் மேசையிலேயே முதல் வரியை எழுதினேன். ராஃபாயேல் ராஸ்போத்னிக், தெரு, கதவு எண். பிறகு மூன்று கையெழுத்துக்கு ஓஷ்பெத் வீட்டுக்கும் மாவுமில் வீட்டுக்கும் போனேன். தோன்ச்கா முதல் வரியைப் படித்தாள். அதற்குக் கீழே தன் பதிவுப் பெயரை, அந்தோனியா ராஸ்போத்னிக் என்று எழுதினாள்.

*

புதன் மாலை தொடங்கிய பனி வியாழன் காலை முழங்கால் வரை இருந்தது. மினிபஸ் மலைப்பாதையின் பாதியில் இருக்கும் சிற்றாலயத்துக்கு மேலே ஏறவில்லை. மீதிக் கையெழுத்துக்காக நான் கைத்தடியோடு மலை வீடுகளுக்கு நடக்கத் தொடங்கியிருந்தேன். பின்னால் வந்த கார் சங்கிலி கட்டிய சக்கரம் சத்தம் போட என் பக்கத்தில் நின்றது. ஊர்பன்.

"ஏறுங்க பெரியப்பா."

"உன் தீர்மானத்துக்கு எதிரா நடந்துக்கிட்டிருக்கேன். உன் கார்ல எப்படி ஏறுறது?"

"நீங்க இந்தப் பனியில விழுந்து கிடந்தா அம்மா என்னைத்தான் கேப்பா. வண்டி மட்டும் ஓட்டறேன். எந்த வீட்டுக்குள்ளயும் வர மாட்டேன், எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அது மரியாதையான ஏற்பாடாகத் தோன்றியது. ஏறினேன்.

அன்று முழுக்க வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் பன்றி அறுக்கும் நாள். முற்றத்தில் வெந்நீர் ஆவி, உள்ளே மேசை முழுக்கக் குடல். இரத்தத் தொத்திறைச்சி திணித்துக்கொண்டிருந்த கையோடு ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். படிவத்தில் அந்தக் கொழுப்புக் கறை இன்னும் இருக்கும். இன்னொரு வீட்டில் புருஷனின் பதிவுப் பெயர் பெண்டாட்டிக்கு நினைவில்லை. நாற்பது வருடம் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லையாம். அடையாள அட்டையைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, "இவரு யாரு, கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள். நான் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ஊர்பன் காரில் உட்கார்ந்திருந்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவனுக்கு ஏதாவது கொடுத்தனுப்பினார்கள். மாலைக்குள் பின் இருக்கையில் தொத்திறைச்சியும் ரொட்டியும் உலர்ந்த ஆப்பிளும் குவிந்துவிட்டன.

கடைசியாக மலையின் உச்சி வீடு. எண்பத்து மூன்று வயது ஃப்ளோரியான் தனியாக இருக்கிறார். வழியில் கிடந்த பனியைத் தானே வெட்டிச் சுத்தம் செய்திருந்தார், இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நேராக. படிவத்தை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு தடவை போட்டாச்சு. உச்சி வீட்டு ஃப்ளோரியான். அது செல்லாதுன்னா நான் செத்துட்டேன்னு அர்த்தமா?"

"நகராட்சிக்குப் பதிவுப் பேர் வேணுமாம் அண்ணே."

"ஓஷ்பெத் வீட்டு ஆளு என்கிட்ட பேர் கேக்கறான். நல்லா இருக்கு."

நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். அப்போது ஜன்னல் வழியாக அவர் காரைப் பார்த்துவிட்டார்.

"அது லுத்விக் பையன்தானே? ஏன் வெளில உக்காந்திருக்கான்? என் வீட்டு வாசல்ல ஒருத்தன் குளிர்ல கிடந்தான்னு நாளைக்குப் பேச்சு வர வேணாம். கூப்பிடு அவனை."

ஊர்பன் வந்தான். பேரிக்காய்ச் சாராயம் மூன்று சின்னக் கிளாஸில் வந்தது. ஃப்ளோரியான் நேராக அவனிடமே கேட்டார்.

"ஜனவரிலருந்து கார்டு இல்லன்னா பஸ்ஸுல ஏத்த மாட்டானாமே?"

"ஆமா மாமா."

"சரி. நடந்து வர்றேன்."

"ஒன்பது கிலோமீட்டர் மாமா."

"எனக்குச் சொல்றியா? அந்த ரோட்டை வெட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்."

"ஒரு கார்டு எடுத்துக்கலாமே. நானே பேங்குக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு மணி நேர வேலை."

"எடுத்துக்கலாம். எடுத்துக்க மாட்டேன்." ஃப்ளோரியான் கிளாஸைக் கீழே வைத்தார். "பென்ஷனைத் தபால்காரன் மாசா மாசம் என் கையில கொண்டு வந்து கொடுக்கறான். கொடுத்துட்டு நீ உக்காந்திருக்கற அதே நாற்காலியில உக்காந்து ஒரு கிளாஸ் குடிச்சிட்டு, கீழ யாரு செத்தாங்க, யாருக்குக் குழந்தை பொறந்ததுன்னு சொல்லிட்டுப் போவான். நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் இந்தப் படி ஏறி வர்ற ஒரே ஆளு அவன்தான். என் பணம் பேங்குக்குப் போயிட்டா அவன் எதுக்குடா ஏறி வரணும்?"

அவர் இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. பனி எவ்வளவு விழுந்தது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். ஊர்பன் கையிலிருந்த கிளாஸ் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஃப்ளோரியான் என் பேனாவை வாங்கினார். ஃப்ளோரியான் ஸாகோஷென் என்று மெதுவாக எழுதினார். அறுபது வருடமாக அவரைத் தெரியும், அந்தப் பெயரை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் இடம் இல்லாத இடத்தில் நெருக்கி 'உச்சி வீடு' என்றும் எழுதினார். நான் தடுக்கவில்லை.

இறங்கி வரும்போது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. சிற்றாலயம் வந்ததும் ஊர்பன் வேகத்தைக் குறைத்தான். பிறகு கேட்டான்:

"அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாளா பெரியப்பா?"

"எந்தப் பொண்ணு?"

"கோட்டுக் கையில சில்லறை ஒளிச்சுக் கொண்டு வர்றவ."

"அவ எப்படிடா போடுவா? அந்தத் தாளை யாரு வேணா படிக்கலாமே."

அதன்பிறகு வீடு வரும்வரை இரண்டாவது கியரிலேயே ஓட்டினான்.

நாற்பத்தேழு கையெழுத்து. வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குத் திருமதி யெலென் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கொழுப்புக் கறையின் மேல் விரலை வைத்து, "கொவாச் வீட்டுல பன்றி அறுத்தாச்சா? எனக்குச் சொல்லவே இல்ல" என்றார். பிறகு முத்திரை குத்தினார். இருநூற்றுப் பதினாறு.

*

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழன் மாலை ஐந்து மணிக்கு மன்றம் கூடியது. கூடத்தில் நாற்காலி போதவில்லை. தோன்ச்கா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், கையில் உப்பு வெடிப்பு. நான் பக்கத்தில். ஃப்ளோரியான் அன்று மதிய மினிபஸ்ஸில் வந்து, சில்லறையில் டிக்கெட் எடுத்து, அந்த டிக்கெட்டைத் தொப்பியில் செருகியிருந்தார்.

மேயர் திருட்டுக் கணக்கையும் பஸ் தாமதத்தையும் மறுபடி படித்தார். எதிர்க் கேள்விகள் வந்தன. ஊர்பன் கடைசியாக எழுந்தான். அவன் நன்றாகப் பேசுகிறவன், ஆனால் அன்று சுருக்கமாகப் பேசினான்.

"செப்டம்பர்ல நான் ஆதரிச்சுக் கை தூக்கினேன். ஜனங்க எப்படிப் பணம் கொடுக்கறாங்கன்னு எங்ககிட்ட ஒரு கணக்கு இருந்தது. யாரால வேற மாதிரி கொடுக்க முடியாதுங்கறது அந்தக் கணக்குல இல்ல. அவங்கள்ல சிலரால இங்க வந்து சொல்லவும் முடியாது, கையெழுத்துப் போடவும் முடியாது. பெட்டிக்கு நல்ல பூட்டு வாங்கலாம். மெஷினும் இருக்கட்டும், சில்லறையும் இருக்கட்டும். நான் என் ஓட்டை மாத்தறேன்."

உட்காரும்போது அவன் தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். ஒரு ராஸ்போத்னிக் தன் தவறை ஊர் முன்னால் நின்று திருத்துவது குடும்பத்துக்குக் குறைவு என்று இனி எவனும் என்னிடம் சொல்ல முடியாது.

அவனோடு இன்னும் நான்கு பேர் ஓட்டை மாற்றினார்கள், மனுவின் பக்கம் ஏழுக்கு நான்கு. சந்தையிலும் மினிபஸ்ஸிலும் இரண்டும் செல்லும். பஸ் விஷயத்தை ஒரு வருடம் கழித்து மறுபடி பேசுவார்களாம். பேசட்டும். பதிவுப் பெயரை எப்படி எழுதுவதென்று மலையில் எல்லாருக்கும் இப்போது தெரியும்.

ஜனவரி முதல் சனிக்கிழமை நான் விடுதிக்குப் போகவில்லை. கடைக்குப் பின்னால் நின்று தொட்டியிலிருந்து கிழங்கு அள்ளிக் கொடுத்தேன். கை மரத்துப்போகும் வேலை அது. பத்து மணி இருக்கும். ஒரு கிலோ கிழங்கு, கால் கிலோ பாலாடைக்கட்டி என்று ஒரு பெண் குரல் கேட்டது. தோன்ச்கா எடை போட்டாள். மரப்பலகையில் நாணயங்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் வந்தது. நான் நிமிரவில்லை. கிழங்கிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, அவள் போகும்வரை தேவாலயக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது.

தோன்ச்கா ஐந்து வாரம் மகனுக்குச் சோறு போடவில்லை, அந்தப் பட்டினியில்தான் ஊர்பன் ஓட்டு மாறியது என்று ஊரில் ஒரு பேச்சு இன்றும் ஓடுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த ஐந்து வாரமும் ஒரு ஞாயிறும் தவறாமல் அவன் அந்த மேசையில்தான் சாப்பிட்டான். நானும் கூட இருந்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டு.